மஞ்சள் கோபுரத்தில் ஒரு வாய்த் தண்ணீர்

கின்சோமுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு மட்டும் வாய் என்ன குட்டையா? அவள் திருப்பிப் பேசினாள், அவ்வளவுதான் விஷயம். அவளுடைய அம்மா பேசியதில்லை. அம்மாவின் அம்மாவும் பேசியதில்லை. அதனால் இவள் வாயைத் திறந்ததும் எங்களுக்குக் காது வலித்தது.

அவள் வீடு ஆற்றுப் பக்கம், மற்ற வீடுகளிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு வயல் தள்ளி இருந்தது. அவளுடைய தாத்தா கணவாயைத் தாண்டி ஏதோ ஒரு பெரிய வீட்டுக்கு அடிமையாக வந்தவராம். எந்த வீடு, என்ன பெயர் என்பதெல்லாம் ஊருக்கு மறந்துபோய்விட்டது. அந்தக் குடும்பத்தோடு வாய் சேராது என்பது மட்டும் மறக்கவில்லை. அவர்கள் வாய் வைத்த கோப்பையில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம். வைத்தவன் அன்றிலிருந்து அவர்களில் ஒருவன். மற்றபடி எல்லாம் சேரும். ஒன்றாகச் சுமை தூக்குவோம், ஒரே மடத்தில் விழுந்து கும்பிடுவோம், ஒரே கயிற்றில் தொங்குவோம். கோப்பை மட்டும் வேறு. காத்மாண்டுவில் வளர்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் சொல்வது, ஒரு போன் பேச நாம்சே வரைக்கும் நடந்துபோய் வரிசையில் நின்ற காலம்.

பதினான்கு வயதில் அவள் சுமை தூக்க ஆரம்பித்தாள். கட்டியவன் டார்ஜிலிங்குக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அதன் பிறகு மலையேற வருகிற வெள்ளைக்காரர்களின் சமையல் கூடாரத்தில் பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே கயிறு கட்டப் பழகினாள், பனிச்சுவரில் கோடரி அடிக்கப் பழகினாள். குளிர்காலத்தில் நாம்சேக்கு மேலே அருவி உறைந்து நிற்கும்போது அதில் ஏறி இறங்குவாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

மலை வழிகாட்டிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த வருடம் சொன்னார்கள். ஒரு பெரிய மலையின் உச்சிவரை வேலை செய்திருக்க வேண்டும், முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. கின்சோமுக்கு முப்பத்து நாலு. அந்த இலையுதிர் காலத்தில் அமா தப்லாம் உச்சிக்குப் போகும் குழுவில் இடம் கிடைத்தால் வழிகாட்டி, கிடைக்காவிட்டால் சாகும்வரை சட்டி கழுவ வேண்டியதுதான். இடம் கொடுக்க வேண்டியவர் மலையேறும் ஆட்களுக்குத் தலைவரான உர்கியன் சர்தார்.

உர்கியனைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அவர் கட்டிய கயிறு அவிழ்ந்ததே இல்லை. அதைத் தாண்டிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சுருட்டிவைத்த கம்பளம்போல விறைப்பான ஆள். தன் நிழலை யாராவது மிதித்தால்கூட முகம் கோணுவார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ஒன்று வேண்டும் என்றால் சாங்கோடு போவோம். வீட்டில் வடித்த பார்லிக் கள்தான் சாங். கேட்க வேண்டியதைக் கேட்டு, கோப்பையை நிரப்பி நீட்டுவோம். குடித்துவிட்டால் சம்மதித்தாகிவிட்டது, பிறகு பின்வாங்க முடியாது. சம்மதமில்லாதவர்கள் சாங் குடம் தெருவில் வரும்போதே ஓடிவிடுவார்கள். என் மாமா ஒருவர், தன் பெண்ணைக் கேட்டு வந்தவர்களுக்குப் பயந்து ஒரு நாள் முழுக்க வைக்கோலுக்குள் படுத்திருந்தார்.

கின்சோம் குடத்தோடு வந்த அன்று நான் உர்கியன் வீட்டில் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்?

“சர்தார், சாங் கொண்டாந்திருக்கேன்,” என்றாள் வாசலில் நின்று.

“அங்கயே நில்லு. என்ன வேணும்?”

“உச்சிக்குப் போற ஆளுங்கள்ல என்னையும் சேருங்க. கயிறு கட்டுவேன், சுமை எடுப்பேன். பால்டென் அண்ணனக் கேட்டுப் பாருங்க, பாத்திருக்காரு.”

பால்டென் நான்தான். நான் தலையைக் குனிந்து கயிற்றைச் சுற்றினேன்.

“உன் கோப்பையில நான் எப்படிடி குடிக்கிறது?” என்றார் உர்கியன்.

“குடிக்காட்டி எனக்கு எப்படிக் கிடைக்கும்?”

“கிடைக்காது.”

“அப்ப நான் எப்படித்தான் கேக்கறது?”

“கேக்காத. சமையலுக்கு ஆள் வேணும், வர்றதுன்னா வா. பாத்திரம் கழுவ யாரு கையா இருந்தா என்ன.”

அவள் குடத்தின் மூடியைத் திறந்தாள். பிறகு முற்றத்தில் கட்டியிருந்த யாக் மாட்டின் தொட்டியில் சாங் முழுவதையும் கவிழ்த்தாள். “இதுக்கு வாய் சேருமான்னு பாத்துச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாக்குக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது, அன்று மதியமே பக்கத்து வீட்டு வேலியை இடித்துத் தள்ளியது. உர்கியன் அந்த யாக்கையும் திட்டினார், அவளையும் திட்டினார். நான் சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்தது.

சமையல்காரருக்கு எடுபிடியாக அவள் வந்தாள். வேறு வழி?

அடிவாரக் கூடாரத்தில் வெள்ளைக்காரர்கள் ஆறு பேர். ஒரு வீடு உயரப் பாறையில் கயிறு தொங்கவிட்டு, கைப்பிடியை மேலே தள்ளி, உடம்பை இழுத்து ஏறுகிற பயிற்சியை அவர்களுக்கு நானும் பிஞ்சோவும் கொடுத்தோம். பிஞ்சோ உர்கியனுக்கு மச்சான், மனைவியின் தம்பி. முடிச்சைத் தாண்டிக் கைப்பிடியை மாற்றி மாட்ட வேண்டிய இடத்தில் அந்த ஆறு பேரும் பண்ணின கூத்தைப் பார்த்தால் மலை தானாகவே இறங்கி ஓடிப்போயிருக்கும். ஒருத்தர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, போட்டோ எடுக்கச் சொன்னார்.

ஏறுவதற்கு முன்னால் மலைக்குப் பூசை. லாமா வந்து கல் மேடை கட்டினார், ஜூனிபர் தழை புகைந்தது, எங்கள் கோடரிகளையும் இடுப்புப் பட்டைகளையும் மேடையோரம் குவித்தோம். ஆசி வாங்காத பொருள் மலைக்குப் போகாது. அந்தக் குவியலிலிருந்து கின்சோமின் கோடரியை மட்டும் உர்கியன் எடுத்துத் தள்ளிவைத்தார்.

“சமையக்காரிக்கு எதுக்கு?”

“வெங்காயம் வெட்ட,” என்றாள் அவள். எடுத்துத் திரும்பவும் குவியலில் வைத்தாள். லாமா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மந்திரத்தைச் சற்று உரக்கச் சொன்னார்.

பிறகு சாங் வந்தது. விளிம்பில் வெண்ணெய் தடவிய ஒரே கோப்பை, கை மாறிக் கை மாறிச் சுற்றியது. வெள்ளைக்காரர்கள்கூடக் குடித்தார்கள். அவர்கள் மாட்டுக்கறி தின்கிறவர்கள், எச்சில் பார்க்கத் தெரியாதவர்கள். அதற்கெல்லாம் விருந்தாளி என்று ஒரு சமாதானம் உண்டு. கின்சோமிடம் வந்ததும் பிஞ்சோ கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் சட்டைக்குள்ளிருந்து தன்னுடைய கோப்பையை எடுத்தாள். அவன் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினான், பாதி அவள் கையில் வழிந்தது. கடைசியில் எல்லோரும் எல்லோர் கன்னத்திலும் சம்பா என்கிற வறுத்த பார்லி மாவைப் பூசுகிற நேரம். வெள்ளைக்காரர்களின் தாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவள் கன்னம் சுத்தமாக இருந்தது.

“யாருக்கும் சிரமம் வேணாம், எனக்குக் கை இருக்கு,” என்று அவளே அள்ளித் தன் முகத்தில் பூசிக்கொண்டாள். அடித்ததுபோலத்தான் பூசினாள்.

கயிறு கட்டப் போன இடத்தில்தான் நிலைமை மாறியது. வெள்ளைக்காரர்கள் ஏறுவதற்கு முன்னால் முதல் கூடாரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், மஞ்சள் கோபுரம் என்று நாங்கள் சொல்கிற செங்குத்துப் பாறையில் கயிறு பொருத்த வேண்டும். பிஞ்சோவுக்கு முதல் கூடாரத்திலேயே தலைவலி வந்து, வாந்தி எடுத்து, கீழே இறங்கிவிட்டான். எங்கள் குழுவின் மற்ற இரண்டு ஊர்ப் பையன்கள் கீழிருந்து சுமை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுச் சுருளை மேலே கொண்டுவர ஆள் இல்லை. வானம் ஒரு நாளைக்கு மேல் நல்லபடியாக இருக்காது என்று தெரிந்தது. உர்கியன் வாக்கி டாக்கியில் அடிவாரத்தைக் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, “அவள மேல வரச் சொல்லு,” என்றார். பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அவள் வந்தாள். பிஞ்சோ எடுக்கிற சுமையைவிட அதிகமாகவே எடுத்துவந்தாள். உர்கியன் முன்னால் ஏறி ஆணி அடித்தார், அவள் பின்னாலேயே போய்க் கயிற்றைக் கொக்கியில் மாட்டினாள், நான் கடைசியில் சுருளை விட்டுக்கொண்டே வந்தேன். கையுறை மாற்றும்போது உர்கியனின் தண்ணீர்க் குடுவை நழுவியது. பாறையில் இரண்டு தடவை மோதிய சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. என் குடுவை ஏற்கெனவே காலி. அந்த உயரத்தில் தண்ணீர் இல்லாமல் பாதி நாள் வேலை செய்தால் நாக்கு மரக்கட்டையாகிவிடும், தலை சுற்றும், கை முடிச்சை மறக்கும். பின்மதியம் உர்கியன் ஒரே கொக்கியை மூன்று தடவை மாட்டிக் கழற்றினார். நான் கீழே தொங்கிக்கொண்டு பார்த்தேன்.

மேலே ஒரு ஆள் உட்காரும் அளவு திட்டு. அதில் அவர் சாய்ந்துவிட்டார். கின்சோம் பக்கத்தில் ஏறி நின்று தன் குடுவையை எடுத்தாள்.

“சர்தார், கேக்கறேன். உச்சிக்குப் போற ஆளுங்கள்ல என்னைச் சேருங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கேட்டாச்சு. இந்தாங்க. குடிச்சா குடுத்த மாதிரி. குடிக்காட்டி இப்பவே மூணு பேரும் இறங்கலாம், எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.”

அது பொய். அவளுக்குக் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. உர்கியன் குடுவையை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பார்த்தார், காற்றில் தண்ணீர் மூக்கில் அடித்தது. அதற்குப் பிறகு விளிம்பில் வாயை வைத்தார். தகரக் குடுவை, கடுங்குளிர். குடித்து முடித்து இழுத்தபோது கீழ் உதட்டுத் தோல் குடுவையோடு போனது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, மிச்சக் கயிற்றைக் கட்டினார். நன்றாகவே கட்டினார்.

மறுநாள் சாயங்காலம் அடிவாரத்தில், சமையல் கூடாரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பிஞ்சோ தேறிவிட்டான், சாங் ஊற்றிக் கோப்பையைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தான். காலையில் வெள்ளைக்காரர்களோடு கிளம்புகிறவர்கள் யார் என்று உர்கியன் சொன்னார். அவர், நான், பிஞ்சோ, அந்த இரண்டு பையன்கள்.

“கின்சோம் இங்க இருந்து சமையலப் பாக்கட்டும்.”

கின்சோம் சட்டியைக் கீழே வைத்தாள். “சர்தார், நீங்க எனக்குக் குடுத்தாச்சு.”

“என்னத்தக் குடுத்தேன்?”

“கேட்டுத்தான் நீட்டினேன். குடிச்சீங்க.”

“தண்ணிதானே குடிச்சேன்,” என்று உர்கியன் வெடுக்கென்று சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

பையன்களில் ஒருவன் சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். பிஞ்சோ கையில் கோப்பையோடு அக்காள் கணவரின் உதட்டைப் பார்த்தான். அங்கே புண் காய்ந்து கறுத்திருந்தது.

“மச்சான், அவ குடுவையிலயா வாய் வச்ச?”

உர்கியன் கையால் உதட்டை மூடிக்கொண்டார். பிஞ்சோ என்னிடம் திரும்பினான். “பால்டெனு, நீ பாத்தியா?”

“பாத்தேன். வச்சாரு. வைக்காட்டி இன்னைக்கு நீ அவரு பொணத்தத் தேடிட்டு இருப்ப,” என்றேன்.

கோப்பை அடுத்து உர்கியனிடம் போக வேண்டியது. பிஞ்சோ அதைத் தரவில்லை. எழுந்து போய் மூலையிலிருந்து ஒரு தகர டம்ளரை எடுத்துவந்தான். அதில் சாங் ஊற்றி, அவர் கையில் கொடுக்காமல், எட்டத் தரையில் வைத்தான். எத்தனை வருடம் அவர் கட்டிய கயிற்றில் உயிரைத் தொங்கவிட்டவன்! அக்காவைக் கொடுத்த வீடு! ஒரு வாய்த் தண்ணீரில் எல்லாம் தீர்ந்தது. பையன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். உர்கியன் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தைப் பனிச்சரிவில்கூட நான் பார்த்ததில்லை.

கின்சோம் ஜெயித்துவிட்டாள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

“டேய் பிஞ்சோ, அவரு என்னடா தப்புப் பண்ணாரு?” என்று கத்தினாள். “குடுத்த வாக்க மீறினாரே, அதுக்கு ஒருத்தன் வாயத் தொறந்தீங்களா? என் குடுவையில வாய் வச்சாருன்னதும் டம்ளர் வருதா? எங்க பக்கம் வந்துட்டா அவ்ளோ அசிங்கமாடா?”

“நீ ஏன் குதிக்கிற? உனக்கு ஒண்ணும் சொல்லலியே,” என்றான் பிஞ்சோ.

“என்னத்தான்டா சொல்ற! அவரு மூஞ்சியப் பாத்து என்னத்தான் சொல்ற!”

பாய்ந்து அவன் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி, ஒரே மடக்கில் குடித்தாள். அதோடு விட்டாளா? சாங் குடத்தைத் தூக்கி அதன் வாயில் வாய் வைத்தாள். தேநீர்க் கெட்டிலின் மூக்கைச் சப்பினாள், கரண்டியை நக்கினாள். சமையல்காரர் “ஐயோ, சூப்பு, சூப்பு!” என்று குறுக்கே விழுந்தார். அதையும் ருசி பார்த்துவிட்டு, “உப்பு கம்மி,” என்றாள்.

“இந்தக் கூடாரத்துல நான் வாய் வைக்காத ஏனம் இனி இல்ல. குடிக்க மனசு இருக்கறவன் குடிங்க, இல்லாதவன் இறங்கிப் போங்க. மலை இங்கதான் இருக்கும்.”

பிஞ்சோ தன் பையை எடுத்தான். “எம் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டு இருக்கேன். எனக்கு இதெல்லாம் ஆகாது,” என்று சொல்லிவிட்டு அந்திக் குளிரிலேயே பாங்போச்சே கிராமத்துக்கு இறங்கிப் போய்விட்டான். அவனைத் திட்டலாம். ஆனால் அவன் சொன்னதும் உண்மைதான், அந்தச் சம்பந்தம் முறிந்துதான் போயிருக்கும்.

கோப்பை தரையில் உருண்டு கிடந்தது. நான் எடுத்து, ஊற்றி, குடித்தேன். பெரிய தைரியம் எல்லாம் இல்லை. பிஞ்சோவின் முகத்தைப் பார்த்த எரிச்சலில் எதையாவது செய்ய வேண்டும்போல இருந்தது. பையன்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குடித்தார்கள். உர்கியன் தரையில் இருந்த டம்ளரைக் காலால் தட்டிவிட்டார். கையை நீட்டி என்னிடமிருந்து கோப்பையை வாங்கினார், மிச்சம் இருந்ததைக் குடித்தார்.

“சரி. பிஞ்சோ இடத்துல கின்சோம் வரட்டும்.”

“பிஞ்சோ இடம் எனக்கு வேணாம்,” என்றாள் அவள். “நான் கேட்டது என் இடம்.”

“ரெண்டும் ஒண்ணுதானடி!”

“ஒண்ணு இல்ல. அவன் திரும்பி வந்தா?”

உர்கியன் அடுப்பைப் பார்த்தார். “வந்தாலும் நீ வர்ற. போதுமா? சந்தோஷமா?”

“சந்தோஷம் கேட்டு உங்க வாசலுக்கு வரல. வேலை கேட்டு வந்தேன்,” என்று சொல்லி, சட்டியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

ஏறினோம். ஆறு பேரில் நாலு பேர் உச்சி வரை வந்தார்கள். அந்த நாலு பேருக்கும் முன்னால் கின்சோம் போனாள். ஐந்து நாளில் உர்கியன் அவளிடம் பேசியது ‘இழு’, ‘விடு’, ‘நில்லு’, அவ்வளவுதான். அவளும் பதிலுக்குக் கயிற்றை மட்டும் ஆட்டினாள். உச்சியில் வெள்ளைக்காரர்கள் எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிஞ்சோ ஊரில் சும்மா இருப்பானா? நாங்கள் இறங்குவதற்குள் எல்லா வீட்டுக்கும் செய்தி போயிருந்தது. எனக்கு மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை. என் கோப்பையைத் தனியாக எடுத்துவைக்க ஆள் இல்லாததால் தப்பித்தேன்.

பனி விழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மதியம் கின்சோம் வீட்டில் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். அவள் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதவு இடிபட்டது. உர்கியன். அந்த வீட்டு வாசலுக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். தாடையில் நாலு நாள் தாடி.

“உன்னாலதான்டி,” என்றார். “எம் பொண்டாட்டி எனக்குத் தனிக் கோப்பை வச்சிருக்கா. எம் பிள்ளைங்க முன்னாடி. அடுப்புக்கு இந்தப் பக்கம் உக்கார வச்சு எட்ட நின்னு ஊத்துறா. உன்னாலதான்.”

கின்சோம் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசமா.”

“எனக்குப் பொறந்ததுல இருந்து,” என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், நான் பார்த்தேன். அவர் பனியில் திரும்பி நடந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து அடுத்த துணியை எடுத்தாள்.